ஆபேலுக்கு முகம் தருவார் யார்?

தவக்காலம் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே நம் பங்கில் பாஸ்கா நாடகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கிவிடும். இயேசுவாக நடிக்க ஒருவர் நாணத்தோடு இசைவார். யூதாசாக நடிக்க எவரும் இசையார். கெஞ்சித்தான் ஒருவரை அழைத்துவர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பழைய கணக்கு மாறியது. பரபாவாக நடிக்க இளைஞர் பலர் போட்டியிட்டார்கள். நம் நாடகத்தில் பரபாவுக்குப் பேச்சே கிடையாது; சங்கிலியோடு வந்து, விடுதலை பெற்று, போய்விட வேண்டியதுதான். ஆனால் தேர்வு பெற்ற இளைஞர் ஒத்திகையில் வந்த விதமே வேறு. தலையைச் சற்றுத் தாழ்த்தி, பார்வையை மட்டும் உயர்த்தி, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து நடந்தார். விலங்குச் சங்கிலி அவர் கையில் அணிகலனாகிவிட்டது. கூடியிருந்தோர் விசிலடித்தார்கள். நாமும் சிரித்துவிட்டோம்.

இரவில் அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தியது. கலகத்துக்காகவும் கொலைக்காகவும் சிறையிலிடப்பட்டவன் பரபா என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் கொல்லப்பட்டவன் யார்? அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். பரபாவை விடுவிக்கச் சொல்லி மக்கள் கூவியபோது அந்தத் தாய் எருசலேமின் எந்தத் தெருவில் நின்றிருப்பாள்? எத்தனையோ ஆண்டுகளாக இந்த நாடகத்தை நடத்தியும் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவில்லை. கொலைகாரனுக்கு ஆள் தேடினோம். கொல்லப்பட்டவனுக்கு ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை.

எனவே, திரைப்படக்காரர்களைக் குறித்து இங்கே நாம் சொல்லப்போகும் குற்றச்சாட்டில் முதல் பங்கு நம்முடையதே என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். அந்த இளைஞரின் நடை எங்கிருந்து வந்தது என்பது அனைவரும் அறிந்ததே. கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ்த் திரையில் வேரூன்றிவிட்ட ஒரு படவகையின் நடை அது: பழைய காலத்தைப் பின்னணியாக அமைத்து, ஒரு தாதாவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்லும் படவகை. இவற்றில் அறத்தீர்ப்பு கதையின் முடிவில் வழங்கப்படுவதில்லை. படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே, யாருக்கு எந்த முகம் என்று முடிவு செய்யும் அறையிலேயே அது எழுதப்பட்டுவிடுகிறது. இதுவே நம் வழக்கு.

இவ்வகைக்கு மூலப்படியாக நிற்பது 1987 தீபாவளிக்கு வெளிவந்த ‘நாயகன்’. அதன் கலைத்திறத்தை மறுப்பவர் கலை அறியாதவர். மணிரத்னத்தின் இயக்கம், பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தாராவியை எழுப்பிக் காட்டிய தோட்டா தரணியின் கலை, கமல்ஹாசனின் நடிப்பு ஆகிய அனைத்தும் பாராட்டுக்குரியவை. நடிப்பு, ஒளிப்பதிவு, கலை ஆகிய மூன்றுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. 2005இல் ‘டைம்’ இதழ் தொகுத்த நூறு சிறந்த படங்களின் வரிசையிலும் அது இடம்பெற்றது. சிறந்த படம் என்பதாலேயே அதை எடுத்துக்கொள்கிறோம். மோசமான படம் எவரையும் வழிதவறச் செய்யும் ஆற்றல் அற்றது.

அந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் பம்பாயின் வரதராஜ முதலியார். தூத்துக்குடியிலிருந்து சென்று, விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமை தூக்கி, பின்னர் நகரின் நிழலுலகத்தில் பெரும்புள்ளியானவர். தாராவித் தமிழருக்கு அடைக்கலமாகவும் மாதுங்காவின் விநாயகர் விழாவுக்குப் புரவலராகவும் அவர் விளங்கினார் என்பது உண்மை. அவருடைய செல்வத்தின் ஊற்று கள்ளச்சாராயம் என்பதும் உண்மை. படம் வந்தபோது அவர் உயிரோடிருந்தார். 1988 ஜனவரியில் சென்னையில் இறந்தார்.

இந்த மனிதரிலிருந்து வேலு நாயக்கர் எவ்வாறு வார்க்கப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். முதலில் அவருக்கு ஒரு குழந்தைப் பருவம் தரப்படுகிறது. தொழிற்சங்கத் தலைவரான தந்தை, சூழ்ச்சியால் காவலர் கையில் சாகிறார். அந்தக் குழந்தை செய்யும் முதல் கொலை நம் கண்ணீரின் நடுவே நிகழ்கிறது. அடுத்து வளர்ப்புத் தந்தை காவல் கொட்டடியில் இறக்கிறார்; இரண்டாம் கொலைக்கும் நம் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. மூன்றாவதாக, தொழில் மாற்றப்படுகிறது. திரையில் நாம் பெரும்பாலும் காண்பது கடல்வழிக் கடத்தல். கடத்தலில் ஏமாறுவது சுங்க இலாகா. அதற்காக அழுவார் யாருமில்லை. கள்ளச்சாராயத்தில் மடிவது ஏழையின் குடல். அதைக் காட்டினால் நாயகனை ஏழையின் காவலன் என்று அழைப்பது எப்படி?

இதைத் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு எழுதுகிறோம். நம் மாவட்டத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில், கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூலிக்குப் போய் வந்த மனிதர்கள், பெண்களும் அவர்களுள் உண்டு. தெருவில் வரிசையாகப் பிணங்கள் கிடத்தப்பட்டிருந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தோம். இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டைப் பழைய காலமாக அலங்கரித்து, கைப்பேசிகளையும் சுவரொட்டிகளையும் அச்சுப் பிசகாமல் அமைத்து, ஒரு சாராய வியாபாரியின் எழுச்சியை எவரேனும் படமாக்கலாம். அன்றைய மக்கள் அன்பு செலுத்தும் ஒரு நட்சத்திரம் அந்த வேடத்தை ஏற்பார். அப்போது கருணாபுரத்து விதவைக்கு எந்த நடிகையைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஒருவரையும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்பதே நம் அச்சம்.

நான்காவதாக நரை. அப்போது கமல்ஹாசனுக்கு முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. அவருக்கு முன்னோடியான ‘காட்ஃபாதர்’ 1972இல் வெளிவந்தது. அதில் மார்லன் பிராண்டோ படப்பிடிப்பின்போது நாற்பத்தேழு வயதினர். இருவரையும் ஒப்பனையே முதியவராக்கியது. நம் பண்பாட்டில் நரைத்த தலைக்கு எழுந்து நிற்கிறோம். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் நரைமுடியை மகுடம் என்றுதான் போற்றுகிறது. ஆனால் நேர்மையான வாழ்வில் அது பெறப்படும் என்ற நிபந்தனையோடு. திரை அந்த நிபந்தனையை நீக்கிவிட்டு மகுடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நரையை ஒப்பனைக்காரர் தருகிறார். மரியாதையை நாம் கொட்டுகிறோம்.

இனி, கொல்லப்பட்டவர் பக்கம் பாருங்கள். வேலு கொன்ற காவல் அதிகாரிக்கு ஒரு மகன் உண்டு. அவன் மனவளர்ச்சி குன்றியவனாகப் படைக்கப்பட்டிருக்கிறான். கொன்றவரே அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறார். இறுதியில் அவன் உண்மையறிந்து அவரைச் சுடுகிறான். கொல்லப்பட்டவர் தரப்பில் திரையில் நிற்கும் ஒரே வாரிசு அவன். அவனிடம் வழக்கு இருக்கிறது. அதை எடுத்துரைக்கும் மொழி மட்டும் தரப்படவில்லை. கொல்பவனுக்குக் குழந்தைப் பருவமும் காதலும் நரையும் தந்த கைகள், கொல்லப்பட்டவன் மகனுக்கு ஒரு முழு வாக்கியம் தரத் தயங்கின. நியாயமாகச் சொல்வதானால், மகள் சாருமதி தந்தையை எதிர்த்துக் கேட்கிறாள். பேரன் அவரை நல்லவரா கெட்டவரா என்று வினவ, அவர் தெரியவில்லை என்கிறார். அந்த இரு காட்சிகளும் படத்தின் மனச்சாட்சி. ஆனால் கேள்வி கேட்பவர்களும் அவருடைய இரத்தமே. அவர் சிந்திய இரத்தத்தின் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை.

தொடக்கநூலில் காயின் பேசுகிறான். தன் தம்பிக்குத் தான் காவலாளியா என்று கடவுளையே எதிர்த்து வினவுகிறான். ஆபேல் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் விவிலிய ஆசிரியரும் நம் திரைக்கதையாளரைப் போலத்தான் செய்திருக்கிறார் என்று தோன்றும். வேறுபாடு எங்கே? அந்த நூலில் கடவுள் குறுக்கிடுகிறார். உன் தம்பி எங்கே என்பதே கொலைக்குப் பின் அவர் காயினிடம் கேட்கும் முதல் கேள்வி. மண்ணிலிருந்து கதறும் இரத்தத்தின் குரல் தமக்குக் கேட்பதாகச் சொல்கிறார். வாயற்ற ஆபேலுக்குக் கடவுளே வாயாகிறார். அதே கடவுள் காயின்மேல் அடையாளமிட்டு அவன் உயிரையும் காக்கிறார்; இரக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரக்கம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வருகிறது. நம் படங்கள் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரக்கத்துக்கு வந்துவிடுகின்றன.

‘காட்ஃபாதர்’ இயக்குநர் கொப்போலா இதை ஓரளவு உணர்ந்திருந்தார். மைக்கேல் தன் தங்கையின் குழந்தைக்கு ஞானத்தந்தையாகத் திருமுழுக்குத் தொட்டியருகே நிற்கிறான். அலகையை விட்டுவிடுகிறாயா என்று குரு கேட்க, விட்டுவிடுகிறேன் என்கிறான். அதே நேரத்தில் நகரெங்கும் அவன் ஆணைப்படி கொலைகள் விழுகின்றன. நாம் ஒவ்வொரு திருமுழுக்கிலும் கேட்கும் கேள்வி அங்கே ஒரு மனிதனைத் தீர்ப்பிடுகிறது. ஆயினும் உலகம் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது வாக்குறுதியின் பொய்யை அன்று. பிராண்டோவின் கரகரத்த குரலையும் நாற்காலியையுமே.

இங்கே நம் எதிர்வழக்காளர் எழுவார். “ஐயா, உள்ளதைத்தானே காட்டுகிறோம்? வறுமையும் காவல்துறையின் கொடுமையும் மனிதரை இப்படியாக்குகின்றன என்று சொல்வது தவறா?” தவறன்று. கட்டமைப்புப் பாவம் என்று நாமே இறையியல் வகுப்பில் கற்றிருக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் சமூகத் தொடர்பு ஊடகங்கள் பற்றிய தன் ஆணை ஏட்டில், தீமையைக் காட்டுவதையே தடை செய்யவில்லை. மனிதனை ஆழ்ந்து அறிய அது உதவக்கூடும் என ஏற்று, அறநெறியின் வரம்பையும் உடன் வைத்தது. நாம் கேட்பது ஒன்றுதான்: உள்ளதைக் காட்டுவதானால் முழுவதையும் காட்டுங்கள். கொல்லப்பட்டவரும் உள்ளவர்தாமே? அவருக்கும் வறுமை இருந்ததே? ஒரே குடிசைப் பகுதியில் வளர்ந்த இருவரில் கத்தி எடுத்தவனுக்கு மட்டும் சூழ்நிலை என்னும் வழக்கறிஞரை அமர்த்துவது எந்த வகை உண்மை?

“முடிவில் அவன் சாகிறானே, அது தண்டனை ஆகாதா?” என்று அடுத்த கேள்வி வரும். மழை, இசை, திரளும் மக்கள், கதறும் பெண்கள் ஆகியவற்றோடு தரப்படும் சாவு தண்டனையன்று, முடிசூட்டு விழா. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனும் குற்றவாளிதான். அவனுக்கு விண்ணகம் கிடைத்தது. ஆனால் தன் தண்டனை முறையானது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். அந்த ஒப்புதல்தான் திரையில் அரிது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது. 2008இல் சசிகுமார் எடுத்த ‘சுப்ரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டு மதுரையைக் காட்டியது. அங்கே பெருநட்சத்திரம் எவருமில்லை. நாம் முன்பே காதலித்துவிட்ட முகம் இல்லாததால், பரமனும் அழகரும் அரிவாள் எடுக்கும்போது நம் மனம் தானாக அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவதில்லை. ஓர் அரசியல் குடும்பம் பதவிக்காக வேலையற்ற இளைஞரைக் கொலைக்கு ஏவுவதும், வேலை முடிந்ததும் கைவிடுவதும், நண்பனே நண்பனை விற்பதும் அங்கே பளபளப்பின்றி நிற்கின்றன. அந்தப் படத்தின் தாடியையும் உடையையும்கூட இளைஞர் போற்றினர் என்பதையும், அதிலும் வன்மம் மிகுதி என்பதையும் மறைக்கமாட்டோம். ஆனாலும் முகத்தேர்வு மாறினால் தீர்ப்பு மாறும் என்பதற்கு அது சான்று. 2014இல் கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா’ இன்னொரு வழி கண்டது. தன் கதையில் தானே நாயகனாக நடிக்க விரும்பும் ஒரு ரௌடியை, அவன் எடுத்த படமே நகைப்புக்குரியவனாக்குகிறது. அச்சம் கழன்ற இடத்தில் சிரிப்பு வந்தது. அரியணையிலிருந்து இறக்கச் சிரிப்பும் ஒரு கருவிதான்.

இவை இரண்டுக்கும் முன்பே நம் மண் இந்தக் கலையை அறிந்திருந்தது. நம் மாவட்டத்துப் புரிசையும் அதைச் சுற்றிய ஊர்களும் தெருக்கூத்தின் தாய்வீடு. கூத்திலும் துரியோதனன் அழகன்தான்: கிரீடம், புஜகீர்த்தி, பொங்கும் ஒப்பனை, திரைக்குப் பின்னிருந்து முழக்கத்தோடு வரவு. கொடியவனுக்குக் கம்பீரம் தருவதைக் கூத்துக் கலைஞர் தவறாகக் கருதவில்லை, நாமும் கருதவில்லை. ஆனால் விடியவிடிய ஊர் காத்திருப்பது எதற்காக? விரிந்த கூந்தலோடு நிற்கும் பாஞ்சாலிக்காக. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் நிலத்தில் நீண்டு கிடக்க, அநீதி இழைக்கப்பட்டவள் வந்து தன் சபதம் முடித்துக் கூந்தல் முடிக்கிறாள். மாண்டவனுக்காக ஒப்பாரியும் உண்டு, காந்தாரிக்கும் இடமுண்டு. அங்கே கொடியவனுக்குக் கண்ணீர் மறுக்கப்படவில்லை. அவனால் துன்புற்றவளின் இடமும் பறிக்கப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் அறிந்திருந்த இந்தச் சமன்பாட்டைப் பெரும் பொருட்செலவில் படமெடுப்போர் மறந்துவிட்டனர்.

ஒரு காலத்தில் நம்மவருக்குத் திரைப்படத்தின்மேல் வேறொரு குறை இருந்தது. கடத்தல்காரனின் அடியாளுக்கும், விடுதியில் ஆடும் பெண்ணுக்கும் ஏன் எப்போதும் கிறிஸ்தவப் பெயர் என்று வருந்தினோம். அது நியாயமான வருத்தமே. ஆனால் நம் பெயருக்கு நேர்ந்த இழுக்குக்காக வருந்திய அளவு, பெயரே பெறாமல் திரையில் விழுந்து மடிந்த நூற்றுக்கணக்கானோருக்காக வருந்தினோமா? இல்லை.

படம் பார்த்து எவனும் கொலைகாரனாவதில்லை என்பார்கள். அதையும் ஏற்கிறோம். ஆனால் 2018 பிப்ரவரியில், சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரௌடி தன் பிறந்தநாளில் அரிவாளால் கேக் வெட்டினான். கூடியிருந்தவர்களுள் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை வளைத்துப் பிடித்தது. அதன் பின்னும் அந்தக் கேலிக்கூத்து ஊர் ஊராகத் தொடர்கிறது. திரை கொலையைக் கற்றுத்தருவதில்லை; கொலைகாரனாகத் தோற்றமளிப்பதன் இன்பத்தைக் கற்றுத்தருகிறது. அந்த இன்பத்தைச் சுவைத்த இளைஞனை உண்மையான கத்திக்காரன் வேலைக்கு அழைப்பது எளிது.

சிசிலித் தீவை எண்ணிப் பாருங்கள். தாதா படங்கள் அனைத்துக்கும் அதுவே பிறந்தகம். 1993 மே 9 அன்று அக்ரிஜென்டோவில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனம் திரும்புங்கள், கடவுளின் தீர்ப்பு ஒருநாள் வரும் என்று மாஃபியாக்களை நோக்கி முழங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று பலெர்மோ நகரின் பிரன்காச்சோ பங்குத்தந்தை பீனோ புலீசி, தம் ஐம்பத்தாறாம் பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவர்களை மாஃபியாவின் கையிலிருந்து மீட்டு வந்ததே அவர் குற்றம். 2013இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. அவரைப் பற்றியும் 2005இல் இத்தாலியில் ஒரு படம் வந்தது. அதைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கொர்லியோனே என்ற பெயரை அறியாதவர் எத்தனை பேர்? கொன்றவர் கூட்டத்தின் பெயர் உலகெங்கும். கொல்லப்பட்டவர் பெயர் பங்கேட்டில்.

இயக்குநர்களிடம் நாம் தணிக்கை கேட்கவில்லை, தடை கேட்கவில்லை. முகங்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி கேட்கிறோம். அது கொல்லப்பட்டவனுக்கு. அவனுக்கும் ஒரு குழந்தைப் பருவம், ஒரு பெயர், நட்சத்திரத்துக்கு நிகரான ஒரு நடிகர், வேண்டாம் எனில் அவன் தாய்க்கு ஒரு காட்சி.

நம் பங்கில் மறு ஆண்டு அப்படிச் செய்து பார்த்தோம். பரபாவால் கொல்லப்பட்டவனின் தாய் என்று ஒரு பாத்திரத்தைச் சேர்த்தோம். ஒரு மூதாட்டியை அணுகியபோது, “எத்தனை வரி பேசணும், சாமி?” என்று கேட்டார். “ஒன்றும் இல்லை அம்மா, கூட்டத்தின் ஓரமாக நின்றால் போதும்” என்றோம். “நிக்கத்தானே? நிக்கறேன்” என்றார். பிலாத்துவின் முற்றத்தில் மக்கள் பரபாவின் பெயரைக் கூவியபோது, வெள்ளைச் சேலையில் அவர் அசையாமல் நின்றார். விடுதலை பெற்ற பரபா அவரைக் கடந்துதான் போக வேண்டும் என்று அமைத்திருந்தோம்.

விசில் அன்று அடியோடு நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகும். தொடக்கத்தில் அடித்தார்கள். ஆனால் பரபாவாக நடித்த இளைஞர் அந்தத் தாயின் அருகே வந்தபோது, ஒத்திகையில் பழகிய நடையை மறந்தார். தலை குனிந்து விரைவாகக் கடந்து போனார். அவ்வாறு செய்யும்படி நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.